சோடா வாங்க ஓடிய பிள்ளையின் மடல்

நெல்லைச் சீமைப் பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு ஊர் முக்கூடல் பக்கம். அம்மா பீடி சுற்றித்தான் எங்களைப் படிக்க வைத்தாள். 1998 மார்கழியில் நான் ஏழாம் வகுப்பு. ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்த அப்பா நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தார். அந்தப் பனியிலும் வேர்த்து, பனியன் முதுகோடு ஒட்டிக்கிடந்தது. இடது கை கடுக்கிறது என்றார். "வாய்வுதான், ஒரு சோடா வாங்கிட்டு ஓடியாலே" என்றாள் அம்மா. சாத்திக் கிடந்த கடையைத் தட்டி எழுப்பி வாங்கி வந்தேன். குடித்தார், ஏப்பம் விட்டார். எல்லோருக்கும் நிம்மதி. விடியும் முன்னே போய்விட்டார். வயது 44.

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். வாய்வு எது, மாரடைப்பு எது என்று அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்? பிற்பாடு இதயத்தின் நான்கு அறைகளையும் படம் வரைந்து, பாகம் குறித்து, முழு மதிப்பெண் வாங்கினேன். அந்தப் பாடத்திலும் அப்பாவின் வியர்வை இல்லை.

நம் வீடுகளில் எதற்கென்றாலும் கடைக்கு ஓடுவது பிள்ளைகள்தான். சோடாவுக்கும் ஓடுவார்கள், தாத்தாவின் பீடிக்கட்டுக்கும் ஓடுவார்கள். 18 வயது நிரம்பாத பிள்ளையிடம் பீடி, சிகரெட் விற்பது 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பள்ளியைச் சுற்றி 100 கெஜத்துக்குள் விற்கவே கூடாது. கடைக்காரருக்குத் தெரிந்த இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். பீடித் தட்டை மடியில் வைத்துப் பிழைக்கும் வீட்டுப் பிள்ளையிடம் இதைப் பேசுவது சங்கடம்தான். அம்மாவின் உழைப்பைக் கேவலப்படுத்தாமல் பேச வேண்டும். ஆனால் பேசாமல் விடாதீர்கள். அந்தக் கூலியில் வளர்ந்தவன் சொல்கிறேன்: சிகரெட்டைவிடப் பீடி பரவாயில்லை என்பது பொய். அதுவும் ரத்தக்குழாயைக் கெடுக்கத்தான் செய்யும்.

நடுநெஞ்சில் பாரம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சிரைப்பு: இவ்வளவும் ஒரு பிள்ளைக்கு மனப்பாடமாக இருக்கட்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமலும் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பார்த்த நிமிஷமே 108. அப்பா காலத்தில் அந்த எண் கிடையாது. 2023இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். இது தெரியாமல் இன்னமும் எத்தனை வீட்டில் சோடா உடைக்கிறார்களோ!

அப்புறம், விளையாட்டு பீரியடைக் கணக்குப் பாடம் நடத்த எடுத்துக்கொள்ளாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். ரத்தக்குழாயில் கொழுப்பு படிவது சின்ன வயதிலேயே தொடங்கிவிடுகிறது. பிள்ளைகள் தினமும் ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இன்டர்வெல்லில் வாங்குகிற சிப்ஸ் பாக்கெட்டின் முதுகைத் திருப்பி, சோடியம் (உப்பில் இருப்பதுதான்) என்று போட்டிருப்பதைப் படிக்கவும் பழக்குங்கள். பெரியவர்களுக்கே நாளுக்கு 5 கிராம் உப்புக்குள்தான், ஒரு டீஸ்பூன்.

செப்டம்பர் 29 உலக இதய நாள். அன்றைக்கு வெறும் உறுதிமொழியோடு பிரேயரை முடித்துவிடாதீர்கள். பக்கத்துத் துணை சுகாதார நிலையத்து நர்சம்மாவைக் கூப்பிடுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை முன்னால் நிறுத்தி, "அப்பாவுக்கு நெஞ்சு அடைக்குது, வேர்த்து ஊத்துது. நீ என்ன செய்வ?" என்று கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளியில் படித்த ஒருவன்