அன்பு மகளுக்கு, தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் நீலக் கோடு இரண்டும் விழுகிறது, பதில்தான் வரக் காணோம். எடிட்டிங் வேலை தலைக்கு மேல் இருக்கும், சரி. நேரத்துக்குச் சாப்பிடு.

வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம், நம் வீட்டில் நீ எடுத்த படத்தின் ஷூட்டிங் கதைதான். கல்யாணக் காட்சிக்கு வைத்த வாழைப்பழத்தைக் குரங்கு தூக்கிக்கொண்டு கூரை ஏறியதே, உன் கேமராக்காரப் பையன் துரத்தாமல் படம் பிடித்தானே, அதைக் கட்டாயம் படத்தில் சேர். ஹடிடா பறவைக்கு அழுகைக் காட்சி வந்தால்தான் தொண்டை திறக்கும். சவுண்டுக்காரத் தம்பி, இரைச்சல் கேட்காமலிருக்க ஃபிரிட்ஜை நிறுத்திவிட்டு, தன் கார் சாவியை அதற்குள்ளேயே வைத்தாரே! சாவி எடுக்காமல் வீட்டுக்குப் போக முடியாது, எடுக்கப் போனால் ஃபிரிட்ஜைப் போட மறக்காது. அந்தப் புத்தி உன் அப்பாவுக்கு இருந்திருந்தால்!

மாப்பிள்ளைக்கே மாப்பிள்ளை வேஷம் கொடுத்தாய். ஒவ்வொரு டேக்குக்கும் தட்டில் பிரியாணி பழைய அளவுக்கு வர வேண்டுமென்று நான் கரண்டியோடு நின்றேன். மற்றவர்கள் வாளியில் துப்பினார்கள், அவர் மட்டும் அத்தனையும் விழுங்கினார். நல்ல மனுஷர். 'கட்' என்றதும் நீ வராந்தாவின் இந்தக் கோடி, அவர் அந்தக் கோடி. வேலை மும்முரம் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி நாள், வசனங்களுக்கு நடுவே ஒட்டுப்போட வெறும் அறையின் சத்தம் வேண்டுமென்று எல்லோரையும் அரை நிமிஷம் அசையாமல் நிற்க வைத்தாய். பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடித்தது. வீடே சிரித்து உருண்டது. நீங்கள் இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்புப் படம் எடுக்கிறவளுக்கு என்னம்மா அப்படி?

கார்ப்பரேஷன் வேலைக்காரர்கள் குடியிருந்த மேகசின் பாரக்ஸிலிருந்து கிளப்பிவிட்டு 1960களில் தாத்தாவுக்குக் கொடுத்த வீடு இது. சினிமாவில் வரப்போகிறது என்று கோயிலில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டேன். ஆனால் உன் படத்தில் வரும் அந்த மாமியார்க்காரி பேசுவதெல்லாம் என் பேச்சு, கேட்டவுடன் தெரிந்தது. நான் அவ்வளவு கத்துகிறேனா? கத்தினாலும், ஊருக்குக் காட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இருக்கட்டும். ராத்திரி கண் விழிக்காதே. சாப்பிடாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்காராதே.

அடுத்த வாரம் மாமா ஜோகன்னஸ்பர்க் வருகிறார். மாங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புகிறேன். மாப்பிள்ளைக்குப் பிடித்த காரத்தில்தான் போட்டிருக்கிறேன். பெரிய போத்தல் ஒன்றாகக் கொடுக்கட்டுமா, சின்னதாக இரண்டு கொடுக்கட்டுமா? அதை மட்டுமாவது எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா