போர்ட்டபெல்லோ ரோட்டில் ஒரு சனிக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் மாமாவும் குழந்தைகளும் நலமா? வேலை, வாடகை, குளிர் எல்லாம் போன கடிதத்தில் எழுதியதுபோலத்தான். இது வேறு விஷயம். சனிக்கிழமை இங்கே லண்டனில் போர்ட்டபெல்லோ ரோட்டுக்குப் போயிருந்தேன். ஆமாம் அக்கா, நம் படத்தில் வருகிற அதே தெரு! 'பெட்நாப்ஸ் அண்ட் ப்ரூம்ஸ்டிக்ஸ்' என்ற டிஸ்னி படத்தின் கேசட்டைத் தேயத் தேயப் பார்த்தோமே, மந்திரப் புத்தகத்தின் மீதிப் பாதியைத் தேடிக்கொண்டு எல்லோரும் அலைவார்களே, அந்தச் சந்தை.

நாட்டிங் ஹில் கேட் ஸ்டேஷனில் இறங்கிக் கூட்டத்தோடு நடந்தால் போதும், வழி கேட்கவே வேண்டாம். முதலில் வண்ணம் அடித்த சின்னச் சின்ன வீடுகள். 22ஆம் எண் வீட்டில் 1927இல் ஜார்ஜ் ஆர்வெல் தங்கியிருந்தார். பர்மாவில் போலீஸ் வேலையை விட்டுவிட்டு, எழுத்தாளராகியே தீருவது என்று வந்த நேரம். அந்த வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன்.

அப்புறம் தெரு வளைந்து கீழே இறங்குகிறது, பழம்பொருள் கடைகள் தொடங்குகின்றன. அவர்கள் முழுசாகக் கடை போடுவது சனிக்கிழமைதான். ஒரு பெரியவரின் கடையில் வெள்ளி ஸ்பூன் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். "திருப்பிப் பாருங்கள்" என்று பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தார். காம்பின் பின்பக்கம் கடுகளவில் வரிசையாக முத்திரைகள். நடக்கும் சிங்கம் இருந்தால் 92.5 சதவீதம் வெள்ளி. நங்கூரம் இருந்தால் பர்மிங்காமில் சோதித்தது. சிறுத்தைத் தலை என்றால் லண்டன். பக்கத்தில் இருக்கும் ஓர் எழுத்தை வைத்து ஆண்டையே சொல்லிவிடுகிறார்கள். நான் வாங்குவேனா என்றுகூடத் தெரியாமல் இவ்வளவையும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். கடைசி விலை கேட்டேன், ஐந்து பவுண்டு குறைத்தார். நங்கூரம் போட்ட ஸ்பூன் அம்மாவுக்கு வருகிறது. இப்போதே சொல்லிவிடாதே.

ஒரு சேதி உனக்கு வருத்தமாக இருக்கலாம். படத்தின் சந்தைக் காட்சியை இங்கே எடுக்கவில்லை. கலிஃபோர்னியாவில், டிஸ்னி ஸ்டூடியோவுக்குள் செட் போட்டு எடுத்தது. எனக்கு அது குறையாகவே படவில்லை. ஏனென்றால், அந்தக் காட்சியில் நமக்கு மிகவும் பிடித்தது எது? 1940இல் நடக்கும் கதை. போருக்கு வந்த சிப்பாய்கள் சந்தையில் ஆடுவார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள், தலைப்பாகை கட்டிய நம் ஊர்க்காரர்கள், ஸ்டீல் டிரம் வாசிக்கும் கரீபியர்கள். தலைப்பாகைக்காரர்கள் வரும்போது நாம் எழுந்து நின்று கை தட்டுவோம்.

எல்லா ஊர்க்காரர்களும் சேர்ந்து ஆடும் அந்த நிலையை நிஜத் தெரு அவ்வளவு சுலபமாக அடையவில்லை, அக்கா. போருக்குப் பிறகு கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்களில் பலர் இந்தப் பகுதியில் குடியேறினார்கள். யாரும் எளிதில் வீடு தரவில்லை. 1958இல் வெள்ளை இளைஞர்கள் கும்பலாக வந்து அவர்களைத் தாக்கினார்கள், கலவரம் நாள்கணக்கில் நீடித்தது. அப்படியும் அவர்கள் ஊரை விட்டுப் போகவில்லை. 1966இலிருந்து கார்னிவல் என்று தெருவிலேயே இறங்கி ஆடினார்கள். இன்றைக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வருகிறது. புதிதாக வந்து வீடு தேடி அலைந்த எனக்கு, அவர்கள் மேல் எவ்வளவு மரியாதை வந்தது என்று எழுதித் தீராது.

பழம்பொருளைத் தாண்டினால் காய்கறி, பழம். அதையும் தாண்டினால் மேம்பாலத்துக்கு அடியில் பழைய துணிகள். கடைசியில் கோல்போர்ன் ரோடு, மொராக்கோக்காரர்களும் போர்ச்சுகல்காரர்களும் கடை வைத்திருக்கும் இடம். அங்கே போவதற்குள் கால் ஓய்ந்துவிட்டது.

நீ வரும்போது ஒரு சனிக்கிழமையாவது லண்டனில் இருக்கிற மாதிரி டிக்கெட் போடு. காலையிலேயே போய்விடலாம், மதியம் ஆனால் நகர முடியாது. பிள்ளைகளுக்கு அதற்குள் படத்தைப் போட்டுக் காட்டிவிடு.

அன்புடன்,
உன் தம்பி