டிராக்டர் அண்ணனுக்கு நன்றி

கேரவனில் ஊர் ஊராகப் போகிற கிறிஸ்தவத் தம்பதி நாங்கள். 1693-இல் புனிதர் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) உயிர்நீத்த ஓரியூருக்குப் போகும் வழியில், போன சனிக்கிழமை தேவகோட்டை பக்கம் ஒரு தென்னந்தோப்பில் முதன்முறையாகத் தங்கினோம். கண்மாய்க் காற்று, கிணற்றுத் தண்ணீர், அருமையான இடம். இரவு மழையில் பின்சக்கரங்கள் சேற்றில் புதைந்துவிட்டன. காலைத் திருப்பலிக்கு வேறு நேரமாகிக்கொண்டிருந்தது. கல் போட்டோம், பலகை வைத்தோம், வண்டி அசையவில்லை.

வயலுக்குப் போய்க்கொண்டிருந்த நீங்கள் நாங்கள் கூப்பிடாமலே டிராக்டரை நிறுத்தினீர்கள். சங்கிலியை மாட்டி, "கிளட்சை மெதுவா விடுங்க தம்பி" என்று சொல்லிச் சொல்லியே ரோட்டில் ஏற்றினீர்கள். டீசலுக்காவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றபோது, "கோயிலுக்குப் போறவங்ககிட்ட காசா?" என்று கிளம்பிவிட்டீர்கள். பெயர்கூடக் கேட்கவில்லை.

திருப்பலிக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தோம், அண்ணே. உங்களுக்காகவும் உங்கள் வயலுக்காகவும் அங்கே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினோம்.