எடின்பரோவுக்கு டெல்டிக் ரயில்: இடம் எடுத்தவர்களுக்கும் யோசிப்பவர்களுக்கும்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து எடின்பரோவுக்கு டெல்டிக் டீசல் இன்ஜின் இழுத்துப்போகும் சிறப்பு ரயிலுக்கு இடம் எடுத்துத் தருகிறோம் என்று அறிவித்ததிலிருந்து தொலைபேசியில் இரண்டு கேள்விகள்தான் மாறி மாறி வருகின்றன. வழக்கமான மின்சார ரயில் நாலரை மணி நேரத்தில் போய்விடுகிறதே, இதற்கு எதற்குக் கூடுதல் பணமும் நேரமும்? இரண்டாவது, அந்த இன்ஜின் கட்டாயம் வருமா?

முதல் கேள்விக்கு ஒளிக்காமல் பதில் சொல்கிறோம். எடின்பரோவைப் பார்ப்பதுதான் உங்கள் எண்ணம் என்றால் இந்த டிக்கெட்டை வாங்காதீர்கள். விடியற்காலையில் கிளம்பி, அங்கே சில மணி நேரம் மட்டும் இருந்துவிட்டு, நள்ளிரவை ஒட்டி லண்டன் திரும்பும் பயணம் இது. போக மட்டும் 393 மைல், அதாவது 632 கிலோமீட்டர். வழக்கமான ரயில்களுக்கு இடைவெளி விட்டுத்தான் ஓட வேண்டும் என்பதால் நடுவில் ஒதுங்கி நிற்கவும் நேரும். நீங்கள் காசு கொடுப்பது அந்த இன்ஜினுக்காக.

அப்படி என்ன இருக்கிறது அதில்? 1961-62இல் நியூட்டன்-லெ-வில்லோஸ் ஊரின் வல்கன் பட்டறையில் கட்டியவை மொத்தம் 22 தான். அந்த 22 சேர்ந்து 55 நீராவி இன்ஜின்களின் வேலையைப் பார்த்தன. அதே காலத்து ‘கிளாஸ் 40’ டீசல் இன்ஜின் 133 டன் எடையில் 2,000 குதிரைத்திறன் தந்தது. டெல்டிக் 99 டன்னில் 3,300 தந்தது. ரகசியம் கடற்படையில் இருக்கிறது. வேகப் படகுகளுக்காக நேப்பியர் நிறுவனம் உருவாக்கிய இயந்திரம் இது. சிலிண்டர்கள் முக்கோணமாக அமைந்திருக்கும். ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிராக ஓடும், முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் கிராங்க் ஷாஃப்ட். 18 சிலிண்டர், 36 பிஸ்டன். இப்படிப்பட்ட இயந்திரங்கள் ஓர் இன்ஜினுக்குள் இரண்டு. முழு விசையில் அவை போடும் உறுமலை எழுதிக் காட்ட எங்களுக்கு வராது. பீட்டர்பரோ தாண்டி ஸ்டோக் ஏற்றத்தில் வரும்போது நீங்களே கேளுங்கள்.

சும்மா நின்றுவிட்டுக் கிளம்பும்போது பெரிய புகை மூட்டம் வரும், பயப்படாதீர்கள். ரயில் நிற்கையில் இயந்திரம் மெதுவாக ஓடும்போது புகைபோக்கியில் தேங்கிய எண்ணெய் எரிந்து வெளியேறுகிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். வரும் என்று நாங்கள் உறுதி தர முடியாது, யாராலும் முடியாது. 1981 டிசம்பர் 31ஆம் தேதியோடு டெல்டிக்குகள் வழக்கமான சேவையிலிருந்து விடைபெற்றன. 22இல் ஆறுதான் தப்பிப் பிழைத்தன. அவற்றில் மூன்று, ஆர்வலர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கத்தின் கையில், செஸ்டர்ஃபீல்டு பக்கம் பாரோ ஹில்லில் இருக்கின்றன. 1996இல்தான் ஒன்று மீண்டும் முதன்மைப் பாதையில் பயணிகள் ரயிலை இழுத்தது. உதிரிபாகங்களை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. அறுபது வயதைத் தாண்டிய இயந்திரம் முந்தின வாரம் மக்கர் செய்தால், வேறொரு டீசல் இன்ஜினைப் பூட்டி ரயிலை ஓட்டிவிடுவார்கள். அப்போது டிக்கெட் பணம் திரும்பாது, ரயிலை நடத்துபவர்களின் விதி அப்படி. எங்கள் முன்பதிவுக் கட்டணத்தை மட்டும் நாங்கள் திருப்பித் தருவோம். வழியில் உள்ளே இருக்கும் இரண்டில் ஓர் இயந்திரம் நின்றுபோனாலும் மற்றதை வைத்து மெதுவாக இழுக்க முடியும் என்பது ஒரு சின்ன ஆறுதல்.

வடக்கே போகும்போது வலப்பக்கம் கிடைத்தால் அதிர்ஷ்டம். டரம் தேவாலயம், நார்தம்பர்லாந்து கடற்கரை, பெர்விக்கைத் தாண்டியதும் செங்குத்தான கடற்பாறைகள் எல்லாம் அந்தப் பக்கம்தான். ஆனால் இருக்கையை நாங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. கேட்டுப் பார்ப்போம்.

குழந்தைகளோடு வருபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பழைய பெட்டிகளில் கதவிலுள்ள ஜன்னல் கீழே இறங்கும். தலையை வெளியே நீட்டவே கூடாது. 2016இல் லண்டன் பால்ஹாம் அருகிலும் 2018இல் பாத் அருகிலும் வேறு ரயில்களில் அப்படி நீட்டிய பயணிகள் உயிரிழந்தார்கள். ஊழியர் ஜன்னலை மூடச் சொன்னால் வாதாட வேண்டாம். இன்ஜினை ஒட்டிய முதல் பெட்டியில் ஒலிப்பதிவுக் கருவியோடு நிற்பவர்களைப் பார்ப்பீர்கள். சத்தத்தைக் கேட்பதற்காகவே வருடம் முழுக்கக் காசு சேர்த்து வருபவர்கள் அவர்கள். அங்கே நின்று போனில் உரக்கப் பேசினால் முறைப்பார்கள், நியாயம்தான்.

சாப்பாடு: உணவோடு சேர்த்து முதல் வகுப்பு எடுத்தவர்கள் சைவம் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும், ரயிலில் ஏறிய பிறகு கேட்டால் கிடைக்காது. மற்றவர்கள் புளிச்சாதமோ இடியாப்பமோ தாராளமாகக் கட்டிக்கொண்டு வரலாம். சூடுபடுத்த வசதி இருக்காது. அப்புறம், நள்ளிரவை ஒட்டி லண்டன் வந்த பிறகு வீடு திரும்ப பஸ்ஸா டாக்ஸியா என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இதையெல்லாம் படித்த பிறகு வேண்டாம் என்று தோன்றினால் தயங்காமல் சொல்லுங்கள். பெயர்ப் பட்டியலை நாங்கள் அனுப்பும் முன் சொன்னால் முழுப் பணமும் கைக்கு வந்துவிடும்.

அன்புடன்,
பயண முன்பதிவுப் பிரிவு