வேலி இல்லாத வயல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த இங்கிலாந்துப் பயணக் கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஒரு வரி மட்டும் உறுத்தியது. செடிவேலி சூழ்ந்த சின்னச் சின்ன வயல்கள்தான் அந்நாட்டுக் கிராமங்களின் ஆதித் தோற்றம் என்கிறார் கட்டுரையாளர். நாட்டின் நடுப்பகுதியில் அப்படி இல்லை. அங்கே பல ஊர்களின் வேலிகள் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் வந்தவை. 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றம் 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்கள் போட்டு, ஏறக்குறைய 68 லட்சம் ஏக்கரை வேலிக்குள் அடைத்தது. பொது மேய்ச்சல் போனதும் ஏழைகளுக்கு ஒரு மாடு கட்டக்கூட வழியில்லாமல் போயிற்று. அந்த அழகான வேலிகளைப் பார்க்கும்போது இதையும் நினைக்க வேண்டும்.

அதற்கு முன் ஊர் எப்படி இருந்தது என்பதை நாட்டிங்காம்ஷயரில் உள்ள லாக்ஸ்டனில் இன்றும் பார்க்கலாம். மகள் வீட்டுக்குப் போனபோது நானும் பார்த்தேன். மேற்கு வயல், தெற்கு வயல், ஆலை வயல் என்று மூன்று பெரிய வயல்கள்; உள்ளே வேலியே கிடையாது. ஒவ்வொரு விவசாயிக்கும் மூன்றிலும் நீள நீளமான துண்டுகள் உண்டு. பழைய முறைப்படி ஒன்றில் கோதுமை, இன்னொன்றில் வசந்தகாலப் பயிர், மூன்றாவது தரிசு. ஆண்டுதோறும் மாறி வரும். நிலம் இப்படிச் சிதறிக் கிடப்பதால் யாரும் வயலுக்கு நடுவில் வீடு கட்டவில்லை. பண்ணை வீடுகளெல்லாம் ஊர்த்தெருவிலேயே நெருக்கமாக நிற்கின்றன.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது அவர்களுடைய ஊர்மன்றம். நவம்பர் கடைசியில் ஊர்க்காரர்களே நடுவர்களாகக் கோதுமை விதைத்த வயலைச் சுற்றி வந்து, எல்லைக்கு முளை அடிக்கிறார்கள். பாதையிலோ புல்வெளியிலோ ஏர் ஏறியிருந்தால் அபராதம் உண்டு. வரப்பை வெட்டிய தகராறில் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்த குடும்பம் என்னுடையது. அதனால் அந்த முளைகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

1635-இல் மார்க் பியர்ஸ் என்பவர் இந்த ஊரைத் துண்டு துண்டாக அளந்து வரைந்த படம் ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. இன்றுள்ள மூன்று வயல்களும் அப்போதைவிடச் சுருங்கிவிட்டாலும், அதே இடத்தில்தான் இருக்கின்றன. 1952-இல் வேளாண் அமைச்சகம் ஊரை விலைக்கு வாங்கியிராவிட்டால் இதுவும் மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

கட்டுரையாளர் அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் லாக்ஸ்டனில் ஒரு நாளாவது தங்கி எழுத வேண்டும். முடிந்தால் அந்தப் படத்தையும் வெளியிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், மன்னார்குடி