உன் மடலில் இருந்த ஒரு வரி குறித்து

அன்பு மகளுக்கு,

மனிதர் தாமாக எதையும் தீர்மானிப்பதில்லை, இயற்பியல் இந்தக் கேள்வியை முடித்துவைத்துவிட்டது என்று எழுதியிருந்தாய். அது சரியா என்பதைவிட, அவ்வளவு உறுதி உனக்கு எங்கிருந்து வந்தது என்பதே எனக்குக் கவலை.

பிரிட்டிஷ் வானியலாளர் எடிங்டனை எடுத்துக்கொள். விண்மீன்களின் உள்ளமைப்பை அவரளவுக்கு அறிந்தவர்கள் அன்று மிகச் சிலரே. 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் அரச வானியல் கழகக் கூட்டத்தில், 24 வயது இந்திய இயற்பியலாளர் சந்திரசேகர், ஒரு வரம்புக்கு மேல் (இன்றைய கணக்கில் சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு) நிறையுள்ள விண்மீன், எரிபொருள் தீர்ந்தபின் வெண் குறுமீனாக, அதாவது சிறிய, மிக அடர்த்தியான விண்மீனாக, அடங்கி நிலைக்க முடியாது என்று காட்டினார். அடுத்துப் பேசிய எடிங்டன் அதன் விளைவை அவரைவிடத் தொலைவு கொண்டுசென்றார்: விண்மீன் சில கிலோமீட்டர் ஆரத்துக்குச் சுருங்கும், ஈர்ப்பு ஒளியையே வெளியே விடாது. இன்று நாம் கருந்துளை என்பதை அவர் தெளிவாகக் கண்டார். கண்டுவிட்டு, இந்த அபத்தத்தைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தாக வேண்டும் என்றார். பிறகு சந்திரசேகரின் சூத்திரத்திலேயே குறை தேடினார். அறிவுக் குறைவு அவரைத் தடுக்கவில்லை. இயற்கை எப்படி இருக்க வேண்டும் என்று அவர் மனத்தில் முன்பே இருந்த எண்ணம் கணக்கின் வேடத்தில் வந்தது. நன்கு கற்றவருக்கே இந்த ஆபத்து அதிகம், ஏனெனில் தமக்குப் பிடிக்காததை மறுக்கவும் அவர்களிடம் கருவிகள் நிறைய உண்டு.

யேல் பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆய்வாளர்கள் ரோசன்பிளிட்டும் கைலும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஜிப்பும் தையல் இயந்திரமும் இயங்கும் விதம் தமக்கு எவ்வளவு தெரியும் என்று மதிப்பெண் போட்டுக்கொண்டவர்கள், அதைப் படிப்படியாக எழுதிப் பார்த்தபின் தம் மதிப்பெண்ணைத் தாமே குறைத்தார்கள். நீயும் அப்படி எழுதிப் பார். அணுக்களின் விதிகளில் தொடங்கி, "ஆகவே நான் தீர்மானிக்கவில்லை" என்பது வரை ஒரு படியும் தாண்டாமல் எழுது. தீர்மானித்தல் என்றால் என்ன என்று சொல்ல வேண்டிய இடத்தில் உன் பேனா நிற்கும் என்று நினைக்கிறேன். அங்கே சமன்பாடுகள் உதவா, நீ வீண்வேலை என்று ஒதுக்கிய தத்துவம்தான் வேண்டும்.

நானும் எதிர்ப்பக்கத்துக்கு எழுதி அனுப்புகிறேன். செய்கைக்குச் செய்தவரே பொறுப்பு என்று நம்பித்தான் உன்னை வளர்த்தேன். ஆகவே என் மனம் எந்தப் பக்கம் சாயும் என்பதை நினைவில் வைத்தே அதைப் படி.

அன்புடன்,
அப்பா