சேலத்திலேயே ஒரு வேகப்பந்துப் பயிற்சியாளர் வேண்டும்

சேலம் மாவட்டத்தில் கிரிக்கெட்டை வழிநடத்தும் பெரியோருக்கு வணக்கம்.

ஓமலூரை அடுத்த கிராமமொன்றில் ஞாயிறுதோறும் சிறுவர்களுக்குப் பந்துவீசச் சொல்லிக்கொடுப்பவன் நான். வாழப்பாடியில் 2020இல் திறக்கப்பட்ட மைதானமும், இந்திய அணிக்காக ஆடிய நம் மாவட்ட வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் சின்னப்பம்பட்டியில் அமைத்த மைதானமும் நமக்கு வாய்த்திருக்கின்றன. வேகப்பந்து வீச்சைக் கற்பிக்கவென்றே தேர்ந்த ஒருவரை ஆண்டு முழுவதும் இம்மாவட்டத்தில் தங்கவைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அத்தகையவரின் பணி எத்தகையது என்பதற்குப் பரத் அருணைக் காட்டலாம். தமிழ்நாட்டுக்காக ஆடிய அவருக்கு இந்திய அணியில் 2 டெஸ்ட், 4 ஒருநாள் ஆட்டங்களுக்கு மேல் வாய்க்கவில்லை. ஆயினும், 2012இல் உலகக் கோப்பை வென்ற 19 வயதுக்குட்பட்டோர் அணியைப் பயிற்றுவித்து, பின்னர் இந்திய அணியின் பந்துவீச்சுப் பயிற்சியாளராகவும் உயர்ந்தார். 2021 ஜனவரியில், முன்னணி வேகப்பந்து வீச்சாளர்களான பும்ராவும் ஷமியும் உமேஷும் காயத்தால் ஆட இயலாதிருந்த பிரிஸ்பேன் டெஸ்டில், வலைப்பயிற்சியில் பந்துவீசச் சென்றிருந்த நம் நடராஜன் முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட் எடுத்தபோது, அப்பயிற்சியாளர் பொறுப்பில் இருந்தவர் பரத் அருண்தான்.

அதே நடராஜனின் ஆக்‌ஷன், அதாவது பந்தை வீசும் முறை, விதிக்கு உட்பட்டதுதானா என்று 2015இல் ஐயத்துக்குள்ளாகி, சென்னையில் பொறுமையாகத் திருத்தப்பட்ட பிறகே அவர் மீண்டு வந்தார். (மட்டையாளரின் காலடியில் விழும் அவருடைய யார்க்கர் பந்தைப் பேசுமளவுக்கு நாம் இதைப் பேசுவதில்லை.)

டென்னிஸ் பந்தில் கை பழகிய பையன், 156 முதல் 163 கிராம் வரை எடையுள்ள லெதர் பந்துக்கு மாறும் காலமே ஆபத்தானது. என்னிடம் வந்த பதினாறு வயதுப் பையனுக்குப் பந்தை விடும்போது இடுப்பு ஒரு பக்கமும் தோள் வேறு பக்கமும் திரும்பும். நானோ அவன் வேகத்தை மட்டும் பார்த்து மகிழ்ந்து, வாரத்துக்கு எத்தனை பந்து வீசுகிறான் என்று எண்ணாமலே இருந்துவிட்டேன். முதுகெலும்பின் அடிப்பகுதியில் கீறல் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான், எனக்குத் தெரியாதது எவ்வளவு என்பது எனக்குப் புரிந்தது. பார்த்த மாத்திரத்தில் அதைப் பிடித்திருக்கக்கூடிய கண் என்னிடம் இல்லை.

வருபவர் வாழப்பாடியிலேயே இருந்துவிடாமல், வாரம் ஒரு நாளாவது ஓமலூர், தாரமங்கலம் பக்கமும் வர வேண்டும்; ஒவ்வொரு பையனும் வீசும் பந்துகளைக் கணக்கெழுதும் வழக்கத்தையும் அவர் ஏற்படுத்த வேண்டும். எங்கள் ஊருக்கான கணக்குநோட்டை நான் இப்போதே வாங்கி வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஓமலூர் வட்டாரத்திலிருந்து ஒரு பந்துவீச்சு ஆர்வலன்